உருபு மறைந்த ரொட்டி

ஹாஸன்ப்ரோட்.
ஹாஸ என்றால் முயல், ப்ரோட் ரொட்டி.
இரண்டையும் ஒட்டிவிட்டு
நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டார்கள் ஜெர்மானியர்கள்.
முயலின் ரொட்டியா, முயலுக்கா,
முயல்கறி வைத்ததா?
உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று
நாம் பள்ளியில் உருப்போட்டதை
வடகடல் ஓரத்து எம்டனில்
உருப்போடாமலே தின்கிறார்கள்.

வேலைக்குக் கட்டிக்கொடுத்து
தின்னாமல் திரும்பிவரும் ரொட்டி அது.
ஓரம் விறைத்திருக்கும், வெண்ணெய் வியர்த்திருக்கும்,
ஈரல் விழுது பழுப்பேறியிருக்கும்.

ஓக்கோ கப்பல் பட்டறையில் வெல்டர்.
தகர டப்பாவைத் திறந்தபடி சொல்வார்:
"கால்வாய்க் கரையில் ஒரு முயல்.
வாலில் உப்புத் தூவினால் அசையாதாம். தூவினேன்.
ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டது."
கில்லாடிகளை நம் ஊரில்
எம்டன் என்றது சும்மாவா?

ஃபென்னாவுக்கு ஐந்து வயது.
காலையில் இதே ஈரலை வேண்டாமென்று தள்ளியவள்
மாலையில் இரும்பு வாசனையோடு மென்றாள்.
பிடித்த முயலுக்குத்தான் மூன்று கால்;
தப்பிய முயலை அவள் எண்ணவில்லை.
அதற்கு வெண்ணெய் ஏது என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.
"கடன்" என்றார் ஓக்கோ.

கெஸ்கேவுக்கு அது வேறு சொல்.
நாலரை மணிக்கு எழுந்து அறுத்தவள் அவள்.
திரும்பி வந்ததைக் கையில் எடைபோட்டே
பட்டறையைப் படித்துவிடுவாள்.
பாதி வந்தால் மேற்பார்வையாளன் கத்தியிருக்கிறான்.
முழுதாய் வந்தால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது.

நவம்பரில் ஒரு வாரம்
காகிதத்தின் மடிப்புக்கூடக் கலையாமல் வந்தது,
திங்கள், செவ்வாய், புதன்.
அவள் கேட்கவில்லை.
இரண்டு துண்டுக்குப் பதில் ஒன்று வைத்துப் பார்த்தாள்.
அதுவும் வந்தது.
ஃபென்னாவுக்கு மட்டும் கொண்டாட்டம்:
முயலுக்கு என்ன, இவ்வளவு தாராளம்!

வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் யாரோ சொன்னார்கள்,
பட்டறை வாசலில் பூட்டுத் தொங்கி ஐந்து நாளாயிற்று என்று.

கெஸ்கே மிதிவண்டியை எடுத்தாள்.
கால்வாய்க் கரையில், மதகுக்குப் பக்கத்தில்,
டப்பாவை மடியில் வைத்து
ஓக்கோ உட்கார்ந்திருந்தார்.
எதிரே ஈரப் புல்லில், காது விடைத்து,
உண்மையிலேயே ஒரு முயல்.

கூப்பிடாமல் திரும்பிவிட்டாள்.
அன்று மாலையும் முயல் கொடுத்தது. மகள் தின்றாள்.

சனிக்கிழமை விடியலில்
டப்பாவில் நாலு துண்டு அடுக்கினாள்.
மேலே, காகிதத்தில் பொட்டலமாய் மடித்து,
ஒரு சிட்டிகை உப்பு.
ஓக்கோ அதைத் திறந்து பார்த்துவிட்டு
நிமிராமல் நின்றார்.
அவள் அதற்குள்
தன் மேலங்கியின் இரண்டாவது பித்தானுக்கு வந்திருந்தாள்.