நீல நாக்கு

பின்பக்கம் ஆறு துளைகள். ஆறிலும் கறுப்பு நாக்கு.
ஒன்றில் அவனுடைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன்.
மீதமுள்ள நேரம் பதினைந்து மணி என்றது திரை.
கருநாக்கு. சொன்னால் பலித்துவிடும்.
என்னைத்தான் அவன் அப்படிச் சொல்வான்.

அப்போது பகல் ஒன்று.
இரவு பத்துக்கு வழுதி வந்து டிஸ்க்கை வாங்கிக்கொள்வான்.
விடிந்தால் கால்கரிக்கு விமானம், புது வேலை,
புது முகவரி, அதை நான் கேட்கவில்லை.
சோபா எனக்கு, கார் அவனுக்கு,
ஒன்பது வருடத்துப் படங்கள் மட்டும் இருவருக்கும்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.
பிரதி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று
வக்கீல்கள் யோசிக்கவில்லை.

வின்னிபெக்கில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பஸ் பிடித்துப் பெம்பினா சாலைக்குப் போய்
ஜோமாரின் கடையில் கேட்டேன்.
"எந்த வருடத்து மெஷின்?"
"இரண்டாயிரத்துப் பத்து."
உதட்டைப் பிதுக்கினான்.
ஆனால் புதுசு வாங்கலாமே என்று சொல்லவில்லை,
அதற்காகவே அவனை எனக்குப் பிடித்தது.
உள்ளங்கையளவு பச்சை அட்டை, நான்கு நீல நாக்கு,
இருபத்தெட்டு டாலர், வரி தனி.
"பவர் வயரை மறக்காமல் மாட்டுங்கள்.
நிறையப் பேர் மறந்துவிட்டு
அட்டை செத்துப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள்."

பேஸ்மென்ட் அறையில் காற்று அப்பளமாய்க் காய்ந்திருந்தது.
இந்த ஊர்க் குளிரில் கதவுக் குமிழ் கடிக்கும்,
போர்வையை உதறினால் பொறி பறக்கும்.
கடைசி மாதங்களில்
அவன் கை தெரியாமல் பட்டாலும் சுள்ளென்றது.
அதற்கும் குளிரைத்தான் காரணம் சொன்னோம்.

கம்பளிக் காலுறையைக் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று
பெட்டியின் இரும்பை இரண்டு தரம் தொட்டேன்,
உடம்பில் இருந்ததையெல்லாம் இறக்கிவைக்க.

மூடியைத் திறந்தால் பூனைக்குட்டி அளவு தூசி.
அதற்குள் ஒரு முடி, நீளமாய், என்னுடையது,
தோள்வரை வெட்டிக்கொள்வதற்கு முந்தைய காலத்தது.
காலியாய் இருந்தது ஒரே இடம்,
கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில், நெரிசலில்.
பின்தகட்டை நெம்பினேன், கட்டைவிரலைக் கிழித்தது.
அட்டையை வைத்து அமுக்கினேன். இறங்கவில்லை.
இன்னும் அமுக்கினேன்.
உடைந்தே போயிற்று என்று வயிற்றைக் கலக்கும் ஒரு சத்தம்.
சரியாக உட்கார்ந்தால் அப்படித்தான் சத்தம் வருமாம்.
திருகாணி கைதவறி விசிறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.
மேல்வீட்டு ஓரெஸ்ட் காந்தமுனை ஸ்க்ரூடிரைவரோடு இறங்கி வந்தார்.
வேலையை என் கையிலிருந்து பிடுங்கவில்லை.
டார்ச் மட்டும் பிடித்தார்.

ஆன் செய்தேன். விசிறி இருமியது. திரை வந்தது.
நீல நாக்குகள் ஊமை.
ஜோமார் சொன்ன நிறையப் பேரில் நானும் ஒருத்தி.
மறுபடி அணைத்து,
டிவிடி டிரைவின் வயரை உருவி அட்டைக்குக் கொடுத்தேன்.
அந்த டிரைவில் கடைசியாக என்ன படம் பார்த்தோம்?
நினைவில்லை.

மீதமுள்ள நேரம் நான்கு மணி.
ஓரெஸ்ட் ஒரே ஒரு தடவை கைதட்டிவிட்டு மேலே போனார்.

பதினைந்து மணிக்கு நான் தயாராக இருந்தேன்.
பக்கத்திலேயே நாற்காலி போட்டு,
ஒவ்வொரு பெயரும் ஊர்ந்து போவதைப் பார்த்து,
அழுகை வந்தால் வரட்டும் என்று.
இப்போதோ
கிம்லி ஏரிக்கரை, மீன்தொட்டி, வீடு மாற்றிய அன்று,
படிப்பதற்குள் அடுத்தது.
எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.
ரசம் நுரைகட்டுவதற்குள்
இரண்டாயிரத்துப் பதினாறு முடிந்திருந்தது.

பத்து மணிக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றாமல்
கீழ்ப்படியிலேயே நின்றான்.
"முடிந்ததா?"
"எட்டரைக்கே."
"அந்தக் கிழட்டு மெஷினிலா?"
பதில் சொல்லவில்லை.
கட்டைவிரல் பிளாஸ்டரை அவன் பார்த்ததாகத் தோன்றியது.
டிஸ்க்கை நீட்டுவதற்கு முன்
படிக்கட்டின் இரும்புக் கம்பியை
ஒருமுறை தொட்டுக்கொண்டேன்.