அடிக்குறிப்பு 43

மூன்றாம் இயல், பக்கம் எழுபத்தெட்டு:
மரிக்கொழுந்துப் பாசியை
வேரை விட்டுவிட்டுக் கிள்ளினால்
மூன்று அமாவாசையில் மறுபடி தழைக்கும்.
ஓரத்தில் கபிரியேல் சாரின் சிவப்பு மை:
யார் சொன்னது? எந்த ஆண்டு?

நான் சொல்லவில்லை, சார்.
சின்னப்பாலம் கரையில்
விரலில் சுற்றிய கந்தலை அவிழ்த்துக்கொண்டே
ஒருத்தி சொன்னாள்.
கச்சான் காற்று. பாதி காதில் விழவில்லை,
திரும்பச் சொல்லவைத்தேன்.

பெயர் போடலாமா என்று கேட்கப் போனேன்.
தகரத் தட்டைக் காலில் கட்டியபடி,
"எந்தத் தீவுன்னும் எழுதுவியா?"
எழுத வேண்டும்.
"அப்ப பாரஸ்ட்காரனும் படிப்பான்ல."
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இறங்கிவிட்டாள்.

அன்றிரவு மண்டபத்து அறையில்
கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.
'கள ஆய்வில் கண்டது' என்று அடித்தால்
சார் பேசாமல் கையெழுத்திடுவார்.
கண்டது யார்?
நான் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

43. பாசி எடுக்கும் பெண், வயது முப்பத்தொன்று.
பெயரும் தீவும் அவர் கேட்டபடி விடப்பட்டன.
இந்த முடிவு ஆய்வாளருடையதன்று.

அச்சுப் பிரதியோடு போனபோது
அந்தப் பக்கத்தை மட்டும் காட்டச் சொன்னாள்.
ஈர விரலால் எண்ணைத் தொட்டு,
"இம்புட்டுப் பொடி எழுத்தா?" என்றாள்.