பைத்துல்மால் பேரேடு

தேங்காய்ப்பட்டணம். ஆனி மாத வெள்ளி.
கடலுக்குப் போக முடியாத ஆம்பிளைகளால்
பள்ளி நிறைந்திருந்தது.
மிம்பரில் உஸ்தாது
முதல் நாலு கலீபாக்கள் காலத்தைச் சொன்னார்.
பசித்த வீட்டுக்கு மாவு மூட்டையைத்
தன் முதுகிலேயே சுமந்துபோனவர் கதை வந்தபோது
முன்வரிசையில் அசனார்கண்ணு
தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.
(பள்ளிக் கடைக்கு அவர் வாடகை தந்து
மூணு வருசம்.)

வட்டியில்லாக் கடனுக்கு
பைத்துல்மால் என்று பெயர் வைத்தது நாங்கள்தான்.
துவங்கிய அன்று தக்பீர், பிளெக்ஸ், லட்டு.
நாற்பத்தியொரு பேர் வாங்கினார்கள்:
வலை, தையல் மெஷின், நர்சிங் பீஸ்.
முழுக்கக் கட்டித் தீர்த்தவள்
கருவாட்டுக்கார பரக்கத்தம்மாள் ஒருத்தி.
வாரம் ஐம்பது, சில வாரம் நூறு,
நெத்திலி வாடையடிக்கும் நோட்டுகள்.

மற்றவர்களைக் கேட்கப் போனால்
'பள்ளிக் காசுதானே, எங்கே ஓடிப்போகுது ஓய்' என்பார்கள்.
'தலைவருக்க மச்சினன் கட்டினானா?' என்பார்கள்.
அவன் கட்டவில்லை.
அதனால் நான் திரும்பி நடப்பேன்.

ஜும்ஆ பிரிந்தது.
பைக்குகள் ரோட்டை அடைத்துக் கிடக்க
புதுக்கடை பஸ் ஹாரனை விடாமல் அமுக்கியது.
சாயாக்கடையில் ஒரே பேச்சு:
'அப்படி ஒரு ஆள் இன்னைக்கு ஆளணும்.'

உஸ்தாது சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
நாலாமவரிடம் ஒருவன் போய்க் கேட்டானாம்,
முன்னே இருந்தவர்கள் நாளில் இல்லாத குழப்பம்
உங்கள் நாளில் ஏன் என்று.
அவர்களுக்குக் குடிகளாக
என் மாதிரி ஆட்கள் இருந்தோம்,
எனக்கு உன் மாதிரி ஆட்கள்
என்றாராம்.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அசனார்கண்ணு
என் சாயாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார்.
'நல்லாயிரி ஓய்' என்று மட்டும் சொன்னேன்.

பேரேட்டில் பத்தொன்பதாம் பக்கம்:
செய்யது மசூது, வள்ளத்து மோட்டார், முப்பதாயிரம்.
என் தங்கை மாப்பிள்ளை.
கெடு தேதிக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது,
என் கைதான் வெறுமையாய் விட்டது.
அசருக்குப் பிறகு அதில் ஒரு தேதி எழுதினேன்.
ரெண்டு வருசம் முந்திய தேதி, சரியான தேதி.
நாளை கமிட்டியில் வாசிக்க வேண்டும்.

மக்ரிபுக்கு முன்னே தங்கை வந்தாள்,
தூக்குவாளியில் பொரித்த அயிலை.
ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூடியை இன்னும் திறக்கவில்லை.
வீடு முழுக்க மணம்.