இடப்பக்கம் மூன்று கோடு

ஆற்காடு சாலையில் முனவ்வர் கடை.
மாடி அறையில் ஏசி, செருப்பைக் கழற்றச் சொன்னான்.
இரண்டு ஜோடி எடுத்து வைத்தான்.
ஒன்று இடுப்புயரம், தேக்கு நிறம்.
பூபாலன் பார்த்ததுமே அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.
இன்னொன்று செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு,
விலை மட்டும் நாலாயிரம் கூட.
'சின்னதுக்கு இன்னாத்துக்கு ஜாஸ்தி?'
'அதான் சார் மேட்டரே' என்றான் முனவ்வர்.

என் பென் டிரைவில் ஒரு பழைய கச்சேரி.
யாரோ பின்வரிசையிலிருந்து பதிந்தது,
மின்விசிறி இரைச்சலும் சேர்த்து.
பன்னிரண்டாவது நிமிஷத்தில்
கடக்காரரின் மோதிரம் பானையில் படும்,
ஒரே ஒரு தடவை.
டிங் என்றுகூடச் சொல்ல முடியாது.
அது வருகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன்.

பெரிய ஜோடியில்
மிருதங்கம் மடியில் ஏறி உட்கார்ந்தது.
தம்பூரா வெந்நீர் மாதிரி இதமாகத்தான் இருந்தது.
மோதிரம் வரவில்லை,
அல்லது வந்து போர்வைக்குள் புகுந்துவிட்டது.

சின்னதில்
பாடகி மூச்சை இழுத்தாள்.
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
பட்டது மோதிரம்.
என் புருவம் ஏறியிருக்க வேண்டும்.
அரை நொடி கழித்து
பூபாலன் தலையாட்டினார்: 'ஆமா, சூப்பரு.'

அரை நொடி.
என் சம்பளமே அதற்குத்தான்.
ஆஸ்பத்திரியில் பஞ்சு ஒட்டிய அறைக்குள் ஆளை உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்க என்கிறவள் நான்.
கேட்டு அழுத்துகிறவர் யார்,
கண்ணாடி வழியே என் விரலைப் பார்த்து அழுத்துகிறவர் யார்
எனக்குத் தெரியும்.

ராணிப்பேட்டையில் பாய்லர் தகடு, பத்தொன்பது வருஷம்.
பக்கத்து ஆளின் கிரைண்டர் எப்போதும் இடப்பக்கம்.
காதடைப்பான் சட்டைப் பையிலேயே இருக்கும், வியர்க்குதாம்.
அவருடைய வரைபடம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
கோட்டை மதில்மேல் நடக்கிற மாதிரி கோடு நேராக வரும்,
நாலாயிரம் ஹெர்ட்ஸில்
அகழிக்குள் விழும்.

கரண்ட் போனது.
கீழே திருவண்ணாமலை பஸ் ஒன்று
ஆள் ஏற்றிக் கத்திக்கொண்டிருந்தது.
இருட்டில் அவர் கேட்டார்,
'இன்னாமோ வந்துச்சே, இன்னா அது?'
'மோதிரம்.'
'சரி. சின்னதே வாங்கு.'
பெரிசு வாங்கலாம் என்றேன்.
உங்களுக்குச் சின்னது கேட்கவில்லையே
என்று சொல்லவில்லை.
'பெரிசுல உன் மூஞ்சி அப்டியே இருந்திச்சி,
காசு குடுத்துட்டு அதையா பாத்துக்கினு இருக்கறது?'
முனவ்வர் செல்போன் வெளிச்சத்தில்
பில் புத்தகத்தைத் தேடினான்.
நாலாயிரத்தில் ஐநூறுதான் குறைத்தான்.

காட்பாடி வீட்டில்
இரண்டு பிளாஸ்டிக் முக்காலி மேல் ஏற்றிவைத்தோம்.
மே மாதம். மின்விசிறியை நிறுத்தினால்தான் சரியாகக் கேட்கும்,
நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் முதுகு நனையும்.
நிறுத்தினோம்.
'அந்தம்மா ஏன் ஒரு ஓரமாவே நிக்கறாங்க?' என்றார்,
வலப்பக்கத்து பீரோவைக் காட்டி.

ஆம்ப்ளிஃபயரில் ஒரு சின்னத் திருகு,
வருஷக்கணக்கில் யாரும் தொடாதது.
இடப்பக்கம் ஒரு கோடு. இன்னொன்று.
மூன்றாவதில்
'நிறுத்து, நடுவுல வந்துட்டாங்க.'

எனக்கு அவள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்,
கொடியில் காயும் யூனிஃபார்முக்குப் பக்கத்தில்.
நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டேன்.
போதவில்லை. இன்னும் ஒரு முழம்.
ஒரு ரயில் போனது, காத்திருந்தோம்.
எனக்கும் அவள் நடுவில் வந்து நின்றபோது
என் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது,
நல்ல காதுப் பக்கம்.

பன்னிரண்டாவது நிமிஷம்
குனிந்து
'இப்ப' என்றேன்.