கடல் உள்வாங்குகிறது

நாங்கள் நானூறு பேராக இருந்தபோது
நூற்றிருபது எழுத்து தாராளமாக இருந்தது.
கான்செப்சியோனில், சலவைக்கடை ஒன்றின் பின்னறையில்
சர்வர் நின்றது. ஈரச் சட்டைகளின் ஆவியில்
அதன் விசிறி இருமும்.
மகாரேனா எழுந்துபோய்த் தட்டிக்கொடுப்பாள்.
மீகா என்று பெயர் வைத்திருந்தோம்,
அவர்கள் மொழியில் ரொட்டித் துணுக்கு.

துணுக்குகள்தான் விழுந்தன.
பேருந்து வரவில்லை.
இன்னும் வரவில்லை.
வந்தது, நிற்கவில்லை.
தெமுகோ மருத்துவமனையின் இரவுத் தாதி யஸ்னா எழுதுவாள்:
படுக்கை ஏழு தூங்கிவிட்டது.
ஏழில் யாரென்று எவருக்கும் தெரியாது,
மாதத்துக்கு ஒருவர் மாறியிருப்பார்,
ஆனாலும் அதைப் படித்த பிறகே
விளக்கை அணைத்தவர்கள் இருந்தார்கள்.
நான் ஒருவன்.

நிலம் அசைந்தால் முதல் கை கைபேசிக்குத்தான் போகும்.
அசைந்ததா?
கூரை விளக்கு ஆடி அடங்குமுன்
வல்திவியாவிலிருந்து யாரோ: அசைந்தது.
அவ்வளவு போதும். திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

நிபால்டோ தோமேயில் மட்டி அள்ளுகிறவர்.
நாளுக்கு இரண்டே வாக்கியம், நான்கு வருடமாக.
கடல் உள்வாங்குகிறது.
கடல் திரும்பியது.
நேரம் மட்டும் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்,
நிலா தள்ளிப்போவதுபோல.
நாங்கள் சிரிப்போம்: மனிதருக்குச் சேதியே இல்லை.

பிறகு ஒரு பெரிய தளம் கட்டணம் கேட்டது.
ஒரே வாரத்தில் தொண்ணூறாயிரம் பேர்
எங்கள் பின்னறைக்குக் குடிவந்தார்கள்.
வளரும் பிள்ளைக்கு இரவில் கால் வலிக்கும் என்பார்களே,
விசிறி அப்படி அழுதது.
திங்கள் விழுந்தோம், புதன் விழுந்தோம்.
விழும்போது காட்ட, கடித்த ரொட்டி ஒன்றை
மகாரேனா வரைந்து வைத்தாள்.
அந்த ரொட்டியையும் திட்டினார்கள்.
வாக்கியம் முடியுமுன் வழக்கு வந்தது,
வழக்கு முடியுமுன் கட்சி பிரிந்தது.
ஒரு காலைக்கு ஆயிரத்து நூறு புகார்,
நாங்கள் இரண்டு பேர், ஒரு கெண்டி.

ஆகஸ்ட் இரவு, பதினொன்று நாற்பது.
பெரிய அசைவில்லை. என் வீட்டில் இரண்டு தட்டு.
அசைந்ததா? என்று நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள்.
அசைந்தது, அசைந்தது, அசைந்தது.
அவற்றின் நடுவே, தன் வழக்கமான நேரத்தில்,
வற்றுக்கு வந்து நின்ற நிபால்டோ:
கடல் உள்வாங்குகிறது.

நானூறு பேருக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி.
தொண்ணூறாயிரம் பேருக்கு அது வேறு.

பகிர்ந்தார்கள். பகிர்ந்ததைப் பகிர்ந்தார்கள்.
கரையோர ஊர்கள் இரவு உடையில் மேடேறின.
ஒரு கிழவி கூண்டோடு கானரிக் குருவியைத் தூக்கிக்கொண்டாள்.
பென்கோவில் உலிசெஸ் என்பவனுக்குக் கணுக்கால் போனது.
என் விரல் அழிக்கும் பொத்தானின் மேல்.
மகாரேனா சொன்னாள்: அது பொய்யில்லையே.
பொய்யில்லை. அலைநேர அட்டவணை என் முன்னேதான் இருந்தது.
அழித்தேன்.
மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள்
அடுத்த ஆயிரம் புகார்.

விடிந்ததும் அவரைக் கொலைகாரன் என்றார்கள்.
அவர் பதில் ஒன்றே ஒன்று:
தினமும்தானே எழுதுகிறேன்.
அதன்பின் கடல் எங்களிடம்
போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

சர்வர் இப்போது சாண்டியாகோவில்,
குளிர்ந்த மண்டபத்தில். இருமுவதில்லை.
எங்களுக்குச் சட்டம் படித்த மூவர், நிறம் தேர்ந்த ஒருவர்,
காபி இயந்திரம்.
நிபால்டோவின் பெயரடியில் அறுபத்தோராயிரம் பேர்
இன்னும் பின்தொடர்கிறார்கள்,
நின்றுபோன ஒருவரை எப்படிப் பின்தொடர்வதோ.

நேற்றிரவும் லேசாக அசைந்தது.
அசைந்ததா? என்று, பழக்கதோஷம், நானும் எழுதினேன்.
குவிந்த பதில்களில் விரல் ஓரிடத்தில் நின்றது.
யஸ்னா. தெமுகோ.
படுக்கை ஏழு விழித்துக்கொண்டது.
தோமேக்காரர் என்ன சொல்கிறார்?

இப்போதெல்லாம் ஐந்நூறு எழுத்து வரை எழுதலாம்.
கட்டத்துக்குள் அந்தச் சின்னக் கோடு
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.