பதினான்காவது கேள்வி

லிஃப்ட் பழுது.
ஒன்பது மாடி ஏறி, மூச்சு வாங்கிக் கதவைத் தட்டினால்
"நீங்கள்தான் தலைசுற்றல் கணக்கா?" என்கிறாள் தீர்ஸே.
ஆமாம், நான்தான்.
சாவோ பாவ்லோவில் எத்தனை பேருக்குக் காலடியில் பூமி நழுவுகிறதென்று
வீடு வீடாக எண்ணிக்கொண்டு போகிறவள்.

பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும்.
அதற்குக் கீழே உள்ளவர்கள்
வேண்டுமென்றே தட்டாமாலை சுற்றிச் சிரித்து விழுகிறவர்கள்.
அவர்களுக்குப் படிவம் கிடையாது.

தீர்ஸேக்குத் துணி உலர்த்த அண்ணாந்தால் வரும்.
கொடியைப் பிடித்துக்கொள்வாளாம்.
கொடியும் கூடவே வருமாம்.
"எவ்வளவு நேரம்?"
"ஒரு சட்டைக்கு மூன்று கிளிப் போடுகிற நேரம்."
படிவத்தில் நொடி, நிமிடம், மணி என்று மூன்று கட்டம்.
நொடியில் குறித்தேன்.

பொம் ரெத்தீரோவில் பொலிவியாக்காரி நில்தா கொந்தோரி
தையல் மிதியிலிருந்து காலை எடுக்காமலே பேசினாள்.
ஓடும்போது ஒன்றுமில்லை.
மிஷின் நின்றால்தான் அறை ஓடத் தொடங்குகிறது.
அதனால் நிறுத்துவதில்லை.

ஜெனிவால்தோ கண்ணாடி துடைப்பவன்.
முப்பது மாடிக்குக் குறைந்து ஏறமாட்டான்.
நான் கேட்டு முடிக்கும் முன்பே இல்லை என்றான்.
ஒருமுறைகூட?
ஒருமுறைகூட.
கையெழுத்துப் போடக் குனிந்து நிமிர்ந்தவன்
கதவு நிலையை ஒரு கையால் தொட்டான்,
தூசி இருக்கிறதா என்று பார்ப்பவன்போல.
தூசி இல்லை.
நானும் "இல்லை" என்றே எழுதினேன்.
அவன் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறான்.
கயிறெல்லாம் அப்புறம்.

மோக்காவில் நடந்தது இது.
கூடத்தில் ஒலிந்தா, குரலைத் தாழ்த்தி:
ஆமாம், இரண்டு வருடமாக. விடியலில், புரண்டு படுத்தால்,
கட்டிலே கவிழ்கிறாற்போல.
அவரிடம் சொல்லவில்லை, பயந்துபோவார்.
சமையலறையில் ஆமில்கார், காப்பி வடிகட்டியபடி,
அதே தாழ்ந்த குரலில்:
ஆமாம், புரளும்போது.
அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.
ஒரே கட்டில்.
ஆளுக்கொரு விளிம்பை இருட்டில் இறுகப் பிடித்துக்கொண்டு
எத்தனை விடியல் கிடந்திருப்பார்கள்.
வெளியே சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்திட்ட காகிதம்
பைக்குள் இருக்கிறது.
காப்பி நன்றாக இருந்தது. குடித்தேன், வந்துவிட்டேன்.
படியிறங்கும்போது
திரும்பிப் போகலாமா என்று இரண்டு முறை நின்றேன்.

மருத்துவரைப் பார்த்தீர்களா என்றால்
அநேகமாக எல்லோரும் சிரிக்கிறார்கள்.
சாப்பிடாததால். தூங்காததால். மாமியாரால்.
வாடகைத் தேதி நெருங்குவதால்.
தலை என்று ஒன்று இருந்தால் சுற்றத்தான் செய்யும் என்றான்
சந்தையில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தவன்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்,
அலுவலகத்தில் அடித்துவிடுவார்கள்.

மாலை ஆறு மணி. ஸே நிலையம்.
கூட்டமே என்னைத் தூக்கி ரயிலுக்குள் வைக்கிறது.
நடுக்கம்பியில் பதினோரு கைகள். பழக்க தோஷம், எண்ணினேன்.
மோதிரக் கை, மாவு காய்ந்த கை, நகம் கடித்த கை.
வண்டி வளைவில் சாய்ந்தபோது
பதினொன்றும் ஒருசேர இறுகின.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
இதில் ஐந்து, என்றது மனக்கணக்கு.
ஆறாகவும் இருக்கலாம்.

குலுக்கலில் என் தெரு விழவில்லை.
என்னிடம் யாரும் கேட்கப்போவதில்லை.
ஆனாலும் இன்று அந்த ஒன்பதாம் மாடியில்,
தீர்ஸே தாழ்ப்பாளை நீக்குவதற்குள்,
சுவரோடு கன்னம் வைத்து நின்றேனே,
அது மூச்சு வாங்கியதால் அல்ல.