ஐந்தரைக்குத் திரும்புவோம்

சனிக்கிழமை மதியம் மில் சங்கு ஊதியதும்
என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்
படகுக்குப் போய்விடும்.
மூன்று பேர் பணம் போட்டு வாங்கிய ஃபைபர் படகு,
பதினைந்து குதிரை யமஹா.
எங்களுக்கு முன் இரண்டு கை மாறியது.
ஏன் விற்றார்கள் என்று அந்த இருவரும் சொல்லவில்லை.

"புஷ்பலீலா, படகுக்கும் பஞ்ச் கார்டு வெச்சிருவ போல"
என்பான் லோகேந்திரன்.
வைப்பேன்.
பெர்னாம் ஆறு யாருக்கும் ஓவர்டைம் கொடுப்பதில்லை.

பெட்ரோலில் ஒரு பங்கு போக,
ஒரு பங்கு வர,
மூன்றாம் பங்கு ஆற்றின் குணத்துக்கு.
எண்ணெய்ப் புட்டியை அறுத்துச் செய்த
தண்ணீர் இறைக்கும் முகவை.
பிஸ்கட் டின்னுக்குள் டார்ச், லைட்டர்,
பள்ளி விளையாட்டுப் போட்டியில் நான் திருப்பித் தராத விசில்.
நங்கூரக் கயிறு இருபது பாகம்.
தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனைக்கு இறங்கும்.

மஞ்சள் சட்டைகள் மூன்று.
என்னுடையது என் உடம்பில்.
தேவசகாயம் தோளில் போட்டுக்கொள்வார், துண்டு மாதிரி.
லோகா அதன்மேல் உட்காருவான்.
"விழுந்தா போட்டுக்கறேன்."
விழுகிறவன் கொக்கி தேடுவானா என்று கேட்டேன்.
அதற்குள் தூண்டிலில் ஊடாங் காலா.
கேள்வி தண்ணீரில் போயிற்று.

ஜெட்டியில் முதலைப் படம் போட்ட பலகை.
எழுத்தெல்லாம் துருவில் போய்
முதலை மட்டும் பாக்கி.
அதற்கு எதிரே லிம் கியாட்டின் தூண்டில் கடை.
கிளம்புமுன் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு:
மூவர். வெள்ளைப் படகு. நீப்பா வளைவு வரை.
ஐந்தரைக்குத் திரும்புவோம்.
"வாட்ஸ்அப் இருக்கே" என்பான் லோகா.
நீப்பா மட்டைகளுக்கு நடுவே
எந்த கம்பெனிக்காரனுக்கும் கோபுரம் இல்லை.

அன்று
லோகா நின்றுகொண்டே ஓட்டினான்.
மழையில் எஸ்டேட் கால்வாய் தள்ளிவிட்ட செம்பனைத் தண்டு
ஒரு விரற்கடை தண்ணீருக்கடியில் கிடந்தது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை.
ஆளைக் காணோம்.

அவன் முழங்காலில் நான் சண்டை போட்டுக் கட்டிய
சிவப்புச் சுருள் வயர்
எஞ்சினிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.
விசிறி நின்றது.
அவன் தலை மேலே வந்த இடமும்
விசிறி இருந்த இடமும்
ஒரு கை தூரம்.

தேவசகாயம் தோள்சட்டையை வீசினார்.
இழுத்தோம். ஏறினான். இருமினான்.
பலகையிலிருந்த படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

திரும்ப இழுத்தபோது எஞ்சின் உறுமியது;
விசிறி மட்டும் வரமாட்டேன் என்றது.
தண்ணீர் கடலைப் பார்த்து இறங்கத் தொடங்கியிருந்தது.
நங்கூரத்தைப் போட்டோம், பிடித்தது.
கொசு வந்தது. இருட்டு வந்தது.
ஊதினேன். மூன்று, நிறுத்தி, மூன்று.
விசிலில் இன்னும் பள்ளிக்கூட ரப்பர் வாசனை.

ஆறே கால் இருக்கும்,
சம்பான் வெளிச்சம் வளைவைத் திரும்பியது.
லிம் கியாட், கையில் என் சீட்டு,
மலாயில் வாயில் வராததெல்லாம் வந்தது.
காப்பாற்ற வந்தவர் மாதிரியே இல்லை.
ஐந்தரை என்று எழுதிவிட்டு
கடையை மூடவிடாமல் செய்தோமாம்.
அவர் பெட்ரோலுக்கு இருபது வெள்ளி,
கணக்கில் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு
ஜெட்டிக்கு வரும்போதே சட்டையைப் போட்டிருந்தான் லோகா,
மூன்று கொக்கியும் மாட்டி.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"குளிருது" என்றான்.

முப்பத்து மூன்று டிகிரி வெயில்.